கை சும்மா இருக்கும்போது வரும் அதிர்வு

ஆகஸ்ட் 21, திங்கள்

இந்த டைரி மோட்டார் பம்பு கம்பெனிக்காரர் ஒருவர் பொங்கலுக்குக் கொடுத்தது. ஏழு மாதமாக டீ கிளாஸ் வைக்கத்தான் பயன்பட்டது. இன்றைக்குத்தான் அதற்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது.

சென்னையிலிருந்து தயாளன் பேசினார். அவருடைய பத்திரிகை போடும் தீபாவளி மலருக்குக் கட்டுரை வேண்டுமாம். "இப்ப இருக்கற வீடியோ கேம் கன்சோல் தலைமுறையில வந்த முக்கியமான புதுமை என்னென்ன, வரிசைப்படுத்தி எழுதுங்க சம்பத். நெட்ல பார்த்து எழுத எங்கிட்ட ஆள் இருக்கு. கையால தொட்டவர் எழுதணும்" என்றார். தினமும் இரண்டு வரி குறித்து வைத்தால் கட்டுரை தானாக வந்துவிடும் என்று யோசனையும் சொன்னார்.

கையால் தொட்டவன் என்றால் அது நான்தான். கோயமுத்தூர் காந்திபுரத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கேம் பெட்டி பழுது பார்க்கிறேன். டிவியோடு பெட்டியை இணைக்கும் போர்ட்டில் பத்தொன்பது கால்கள் இருக்கும். ஒவ்வொன்றும் தலைமுடி கனம். அதைக் கழற்றிப் புதிதாக ஈயம் வைக்கிற வேலையை மற்ற கடைக்காரர்களே என்னிடம் அனுப்புவார்கள். 'கை ஆடாத சம்பத்' என்று பெயர். வயது நாற்பத்தேழு. கண்ணாடி போட்டாயிற்று, முன்னந்தலை போயாயிற்று, கை மட்டும் அப்படியே இருக்கிறது.

மனைவி ரேணுகாவிடம் சொன்னேன். நாலாம் வகுப்பு டீச்சர். "எழுதுங்க. கடைசியில பிழை திருத்த எங்கிட்டத்தான கொண்டாருவீங்க" என்றாள். கட்டுரை எழுதுவதே அவளுக்கு வேலை வைக்கத்தான் என்பது மாதிரி.

ஆகஸ்ட் 24, வியாழன்

முதல் புதுமை: காத்திருப்பு ஒழிந்தது. பழைய பெட்டிகளில் சுழலும் டிஸ்க் இருந்தது. ஆட்டத்தில் செத்தால் மறுபடி பிறக்க முக்கால் நிமிடம் ஆகும். அதற்குள் பையன்கள் முறுக்கு தின்பார்கள், பெரியவர்கள் மனைவிக்குப் பதில் சொல்வார்கள். இப்போது சுழல்வது ஒன்றும் இல்லை, எல்லாம் சிப்பு. சாவுக்கும் பிறப்புக்கும் நடுவில் இரண்டு விநாடிகூடக் கிடையாது. மனைவிக்குப் பதில் சொல்லத்தான் நேரம் இல்லாமல் போய்விட்டது.

மாலை ரேணுகாவின் பள்ளி டீச்சர் ஒருவரின் மிக்ஸியைச் சரி செய்தேன். கேம் பெட்டி பார்க்கிறவனுக்கு மிக்ஸி தெரியாதா என்று ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். தெரியும் என்பதுதான் கஷ்டம்.

ஆகஸ்ட் 30, புதன்

இன்றைக்கு எழுதியது எனக்கே பிடித்திருக்கிறது. கன்ட்ரோலரின் அதிர்வு. பழைய அதிர்வு என்பது உள்ளே ஒரு மோட்டார் கடகடவென்று சுற்றுவது. லாரி மோதினாலும் கதவு சாத்தினாலும் ஒரே உதறல்தான். இப்போது ஜப்பான்காரன் பெட்டியில் மணலில் நடந்தால் ஒரு மாதிரி, கண்ணாடியில் நடந்தால் வேறு மாதிரி. மழை பெய்தால் சொட்டுச் சொட்டாக உள்ளங்கையில் விழுகிறது.

இதுவரை யாரும் கவனித்து எழுதாத ஒன்றை நான் கண்டுபிடித்திருக்கிறேன். ஆட்டத்தில் ஒன்றுமே நடக்காமல் நம் ஆள் சும்மா நிற்கும்போதும் அதிர்வு முழுதாக நிற்பதில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துக் கையைத் தளர விட்டால், வலது கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் மெல்லிய துடிப்பு ஒன்று வருகிறது. விநாடிக்கு நாலைந்து தரம். பொத்தானை அழுத்தியதும் மறைந்துவிடுகிறது. திரையில் நிற்கிற அந்த ஆளின் நாடி அது என்றுதான் நினைக்கிறேன். செய்தவன் பெரிய கலைஞன்.

இந்தப் பகுதியை மட்டும் தயாளனுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டு, "படிக்கறப்பவே கையில உணர்ந்தேன் சம்பத். இதுதான் முதலிடம்" என்றார். எனக்குப் பிடிபடாத சந்தோஷம்.

செப்டம்பர் 4, திங்கள்

ரேணுகா இந்த டைரியைப் புரட்டிப் பார்த்தாளாம். "என்னங்க இது, ஆரம்பத்துல நல்லா எழுதியிருக்கீங்க, வரி முடியறதுக்குள்ள எழுத்து சுருங்கிப் போயிருது. எங்க நாலாப்புப் பசங்ககூட இப்படி எழுதமாட்டாங்க" என்றாள். பேனா முனை ஊசி. வேறு வாங்க வேண்டும்.

அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்ததும் என் தலையில் விழுந்தது. பக்கத்து அறையில்தான் இருந்தேன், வாசனையே வரவில்லை. இருபத்திரண்டு வருடம் சால்டரிங் பேஸ்ட் புகையை முகர்ந்த மூக்கு வேறு எப்படி இருக்கும்?

செப்டம்பர் 11, திங்கள்

வெங்கிடுபதி சார் வந்தார். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் தருண் கனடாவில் இருக்கிறான். ஞாயிறுதோறும் அப்பாவும் மகனும் ஆன்லைனில் ஒரே அணியில் ஃபுட்பால் ஆடுவார்கள். போனில் பேசிக்கொள்வதைவிட அதில்தான் அதிகம் பேசிக்கொள்வதாகச் சார் சொல்வார்.

"ஏனப்பா சம்பத்து, என்ற ஆளு நான் தொடாமயே மெல்ல நடந்து போயிர்றான். தருண் சிரிக்கறான் பாரு" என்று கன்ட்ரோலரை நீட்டினார்.

இது எல்லாருக்கும் வருவதுதான். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் ஆளை நகர்த்துகிற குச்சியின் அடியில் இருக்கிற பட்டை தேய்ந்தால் ஆள் தானாக நகர்வான். பதினாலு கால், பத்து நிமிட வேலை. இன்றைக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. மாற்றிவிட்டுக் கட்டைவிரலை மேலே வைத்துப் பார்த்தேன். ஆள் குடித்தவன் மாதிரி அப்படியும் இப்படியும் ஆடினான். இன்னொரு புதுக் குச்சி போட்டேன். அதிலும் ஆடினான்.

சார் வாங்கி வைத்துப் பார்த்தார். ஆள் கல்லு மாதிரி நின்றான்.

"எனக்கு நல்லாத்தான இருக்குது?" என்றார்.

சாருக்குக் கட்டைவிரல் கனம், அழுத்திப் பிடிக்கிறார், அதனால் தெரியவில்லை. அவரிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன். புதுமை என்று நூறு கொண்டு வந்தவர்கள் இந்தக் குச்சியை ஒழுங்காகச் செய்யவில்லை என்று கட்டுரையில் ஒரு குத்துக் குத்த வேண்டும்.

செப்டம்பர் 12, செவ்வாய்

ஒரு பெட்டியின் சர்க்யூட் பலகையைக் கெடுத்துவிட்டேன். ஈயம் இரண்டு காலுக்கு நடுவில் ஓடிவிட்டது. கரண்டு ஏறி இறங்கியதுதான் காரணம்.

செப்டம்பர் 15, வெள்ளி

புரட்டாசி பிறப்பதற்குள் ஊரில் இருக்கிற கல்யாணத்தை எல்லாம் முடித்துவிடுவது என்று கிளம்பியிருக்கிறார்கள். ரேணுகாவின் சித்தி மகள் கல்யாணம். புதுச் சட்டை, தையல்காரன் பொத்தான் ஓட்டையைச் சின்னதாக வைத்துத் தொலைத்திருக்கிறான். ரேணுகா செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். கடைசியில் உள்ளே வந்து அவளே போட்டுவிட்டாள். கீழிருந்து மேலே, ஐந்து பொத்தான். முகூர்த்தம் முடிந்துதான் மண்டபத்துக்குப் போனோம்.

இரண்டாம் இடத்துக்கு ஒன்று தோன்றியது. அமெரிக்காக்காரன் பெட்டியில் நாலைந்து ஆட்டங்களைப் பாதியில் விட்டுவிட்டுப் பெட்டியை அணைத்துக்கூட வைக்கலாம். ஒரு வாரம் கழித்து வந்தாலும் விட்ட இடத்தில், தூக்கிய கால் தூக்கியபடி, ஆள் அப்படியே நிற்பான். ஒன்றும் மாறியிருக்காது. நல்ல புதுமை.

செப்டம்பர் 26, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்த நாடித் துடிப்பை அளந்து எழுதினால் கட்டுரைக்கு எடுப்பாக இருக்குமே என்று கடை கன்ட்ரோலரைத் திறந்தேன். பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்தேன். அதற்குள் தயாளன் கூப்பிட்டார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மூடியை மேலே பொருத்தி, கன்ட்ரோலரை மடியில் பிடித்தபடி பேசினேன். பக்கம் எத்தனை, படம் எத்தனை என்று ஏதோ கேட்டார். அப்போது கவனித்தேன். துடிப்பு வந்துகொண்டிருந்தது.

பேட்டரி என் கண் முன்னால் மேசையில் இருக்கிறது.

கெபாசிட்டரில் கொஞ்சம் கரண்டு மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் யாராக இருந்தாலும் அதைத்தான் நினைப்பான். பத்து நிமிடம் காத்திருந்தேன். துடித்தது. இரண்டு முனையையும் கம்பியால் தொட்டு இருந்த மிச்சத்தையும் இறக்கினேன். துடித்தது. இரண்டு அதிர்வு மோட்டாரின் ஒயரையும் வெட்டினேன். நல்ல கன்ட்ரோலர், வெட்டினேன். அப்போதும் துடித்தது.

மேசையில் வைத்தேன். அது சும்மா கிடந்தது. கை மடியில் துடித்துக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 27, புதன்

பாகற்காய், புளி, அரைக் கிலோ ரவை வாங்கினேன். எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 3, செவ்வாய்

தயாளனைக் கூப்பிட்டு, போன மாதம் அனுப்பிய கட்டுரையில் அதிர்வுப் பகுதியை மாற்ற வேண்டும் என்றேன்.

"எதுக்கு? பக்கம் கட்டியாச்சே. அந்த நாடித் துடிப்பு வரியைத்தான் பெரிய எழுத்துல எடுத்துப் போட்டிருக்கோம்."

"அது தப்புங்க. அப்படி ஒண்ணு அதுல இல்லை."

"நீங்கதான உணர்ந்தீங்க?"

"உணர்ந்தேன்."

"அப்பறம் எப்படி இல்லாம போகும்? அடக்கமா இருக்கறது நல்லதுதான், அதுக்காக இவ்வளவா?" என்று சிரித்தார்.

ஏன் இல்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாய்வரைக்கும் வந்தது. தொழில்காரன் கையைப் பற்றி வெளியே சொல்லிவிட்டுப் பிறகு எந்த முகத்தோடு கடை திறப்பது? "சரிங்க" என்று வைத்துவிட்டேன். பயமாக இருக்கிறது. இதைவிட நன்றாக எழுதத் தெரியவில்லை.

அக்டோபர் 9, திங்கள்

உக்கடத்தில் உதிரி பாகம் பார்க்கப் போவதாக ரேணுகாவிடம் சொல்லிவிட்டு நரம்பு டாக்டரிடம் போனேன். என்னைவிடச் சின்ன வயதுப் பெண். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை தட்ட ஆரம்பித்துப் பாதியில் சோம்பியது. காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார். வராந்தாவில் நடக்கச் சொன்னார். வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டியே வருகிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எத்தனை நாளாக அப்படி நடக்கிறேனோ.

"வாசனை தெரியுதுங்களா?" என்று கேட்டார். பாலைப் பற்றிச் சொன்னேன். எழுத்து சின்னதாகிறதா என்று கேட்டார். இந்த டைரியை அவர் படித்தாரோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

வியாதியின் பெயரைச் சொன்னார். இங்கே எழுத விருப்பமில்லை.

"மாத்திரையில கட்டுப்படுத்தலாங்க. முழுசா குணமாகறதுன்னு சொல்ல முடியாது. மெதுவாத்தான் கூடும்."

"எவ்வளவு மெதுவாங்க?"

"ஆளுக்கு ஆள் மாறும். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். பத்தொன்பது கால், தலைமுடி கனம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன். அவர் எழுதுவதை நிறுத்தி என் கையைப் பார்த்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கட்டுரை ஞாபகம் வந்தது. கை சரியாக வராதவர்களுக்கென்று பெரிய பெரிய பொத்தான் வைத்த கன்ட்ரோலர்கள் வந்திருக்கின்றன. அழுத்திப் பிடிக்க முடியாதவர் ஒரு தரம் தட்டினால் போதும் என்று மாற்றிக்கொள்ள வசதியும் இருக்கிறது. அதைப் பட்டியலில் ஒன்பதாவதாகப் போட்டு, 'நம்மில் பலருக்கும் தேவைப்படாது' என்று எழுதியிருந்தேன். அதையாவது மாற்றலாம் என்றால் பக்கம் கட்டியாயிற்று.

அக்டோபர் 16, திங்கள்

மாத்திரை ஒரு வாரம். விறைப்பு கொஞ்சம் இளகியிருக்கிறது. கை ஆட்டத்தை அது தொடவே இல்லை. மாத்திரைப் பட்டையை சால்டர் ஈயம் வைக்கிற டப்பாவில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. கடையைக் கழுவி, சால்டரிங் அயர்ன், ஸ்க்ரூ டிரைவர், பூதக்கண்ணாடி, மீட்டர் எல்லாவற்றையும் துடைத்து இலையில் வரிசையாக வைத்தேன். ரேணுகா சந்தனம் குழைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வழக்கம்போல.

கடைசிக் கருவிக்கு வைத்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "கையைக் குடுங்க" என்றாள்.

நெற்றிக்கு வைக்கப் போகிறாள் என்று குனிந்தேன். அவள் வலது கையை இழுத்து, புறங்கையில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். கை அவள் கைக்குள் துடித்தது. இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை.

"டப்பாவுல மாத்திரையப் பார்த்தேன். அதுக்கு முந்தியே தெரியுங்க. தூங்கறப்ப மட்டுந்தான் உங்க கை சும்மா இருக்குது. ஆறு மாசமா பார்த்துட்டுத்தான் இருக்கறேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். நான் கேட்டு, நீங்க இல்லைன்னு சொல்லிட்டா அப்பறம் நான் என்ன பண்றதுங்க?"

கடைக்குள் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். சூடம் தானாக எரிந்து அணைந்தது. ஆறு மாதம் அவள் தனியாக இதைச் சுமந்திருக்கிறாள், நான் பேனாவையும் தையல்காரனையும் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நவம்பர் 2, வியாழன்

போர்ட் மாற்ற ஒரு பெட்டி வந்தது. மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்து, முழங்கையை மேசையில் ஊன்றி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஆறு கால் ஒழுங்காக வந்தது. ஏழாவதில் முனை வழுக்கிப் பலகையில் ஒரு கோடு கிழித்தது. அயர்னை அணைத்துவிட்டு, டவுன்ஹாலில் இருக்கிற ஒரு கடைக்குப் பெட்டியைக் கொண்டு போனேன். கடைக்காரர் வருடக்கணக்காக எனக்கு வேலை அனுப்பிக்கொண்டிருந்தவர்.

"நீங்களே எங்கிட்ட கொண்டாந்திருக்கீங்க, என்னங்ணா விளையாடறீங்களா?" என்றார்.

தீபாவளி நேரம், வேலை நெருக்கடி என்றேன். என் கடை காலியாகக் கிடந்தது.

நவம்பர் 10, வெள்ளி

மலர் வந்துவிட்டது. 'திரையில் நிற்கிற ஆளின் நாடி' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் என் படம். மூன்று பேர் போன் செய்து பாராட்டினார்கள். ரேணுகா படித்துவிட்டு மடித்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்தாள். எழுத்துப்பிழை ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 14, செவ்வாய்

தீபாவளி முடிந்து கடை திறந்ததும் வெங்கிடுபதி சார் வந்தார். ஒரு கையில் கன்ட்ரோலர், கக்கத்தில் மலர்.

"சம்பத்து, நீ எழுதியிருக்கறதை மூணு தரம் படிச்சேன். அந்தத் துடிப்பு என்றதுல வரமாட்டேங்குதப்பா. நீ சொன்ன மாதிரியே மடியில வச்சு, கையைத் தளர விட்டு, ஃபேனைக்கூட நிறுத்திப்போட்டுப் பார்த்தேன். தருணும் அவன்றதுல இல்லீங்கறான். கழட்டிப் பாரு."

"சார், அது எல்லாத்துலயும் வராதுங்க."

"உன்றதுல வருதுல்ல? என்றதுலயும் வர வை. ஞாயித்துக்கெழமை ஆட்டத்துக்கு நடுவுல அவன் டீ குடிக்கப் போவான். அந்நேரத்துக்கு அவன் ஆளு சும்மா நிக்கும், என்ற ஆளும் பக்கத்துல சும்மா நிக்கும். அப்ப கையில நாடி அடிக்கும்னு நீ எழுதியிருக்கறயே, அதுக்காகத்தான்."

இல்லை என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. அது பொய்ங்க சார், அது என் வியாதிங்க என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் மலரைப் பிரித்து அந்தப் பக்கத்தை மேசைமேல் வைத்திருந்தார். கன்ட்ரோலரை வாங்கி, பெட்டியோடு இணைத்து, ஃபுட்பால் ஆட்டத்தைப் போட்டு, ஆளை மைதானத்து நடுவில் நிறுத்தினேன். மடியில் வைத்துக் கையைத் தளர விட்டேன்.

"இப்ப உங்க கையைக் கன்ட்ரோலரோட அந்தப் பக்கத்துல வைங்க சார்."

வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். முகம் மெதுவாக மலர்ந்தது.

"வருதப்பா. ஆமா, வருது. சின்னதா, அடிச்சு அடிச்சு. அட, எவ்வளவு சன்னமா வச்சிருக்கறான்."

இதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சந்தோஷமாகக் கன்ட்ரோலரை என் கையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். காத்திருந்தார். பொறுக்காமல் காதருகே கொண்டு போனார், மறுபடி மடிக்குக் கொண்டு வந்தார்.

"நின்னு போச்சே" என்றபடி நிமிர்ந்தார்.

என் கை மடியில் காலியாகக் கிடந்தது. அவர் பார்த்தார். அப்புறம் மேசையில் விரித்திருந்த பக்கத்தைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார். பேங்கில் முப்பத்தைந்து வருடம் கையெழுத்துப் பார்த்தவர். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

மலரை மடித்துக் கீழே வைத்தார். கன்ட்ரோலரை அணைத்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் உள்ளங்கையை என் கைமேல் வைத்தார். கனமான கை. குழந்தை அழுகையை அமர்த்துகிறவர் மாதிரி அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நிக்குதா சம்பத்து?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார்" என்றேன்.

இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.